வெங்காய வேரும் ஸ்பிரிட் பாட்டிலும்

வெங்காயத்தை விட்டுவிட்டு அதன் வேரை மட்டும் நறுக்கிச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் ஒன்று உண்டு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் செய்தது அதைத்தான்.

சேலத்தில் அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு போகிற சாலையில் அப்போது ஒரு பருத்திப் பண்ணை இருந்தது. அங்கே செடிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்காக ஒரு ஆபீசர் வந்தார். எல்லோரும் அவரை ஆராய்ச்சி ஐயா என்போம். நான் தறிக்காரன் மகன். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல் என்று சொல்லி, அவர் என்னை அட்டெண்டராக எடுத்துக்கொண்டார். டெம்பரரி வேலை.

பண்ணையின் ஹெட்கிளார்க்குக்கு ரத்தினம் என்று ஒரு மச்சினன் இருந்தான். அந்த இடத்தை அவனுக்கென்று அவர் மனசில் எப்போதோ ஒதுக்கிவிட்டார். அதில் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்பது அவருடைய காரியம். எப்படியாவது பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பது என்னுடைய காரியம். அடுத்தவர் கண் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே சொல்லப்போவதில் பாதி அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பருத்திப் பண்ணையில் வெங்காயம்

பருத்தியின் செல்லுக்குள் இருக்கும் சமாசாரங்கள் மிகவும் பொடிசு. வெங்காயத்தில் அவை பெரிதாகத் தெரியும். அதனால் ஆராய்ச்சி ஐயா முதலில் வெங்காயத்தில்தான் கை பழகச் சொன்னார். ராசிபுரம் சந்தையிலிருந்து சின்ன வெங்காயம் வரும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்கார்த்தி வைப்பேன். வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும். காலையில் நுனியைக் கத்தரித்து, ஸ்பிரிட்டும் காடி அமிலமும் கலந்த சீசாவில் போட வேண்டும். உயிரோடு இருந்தது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே செத்து நிற்பதற்கு அந்தக் கலவை.

ஹெட்கிளார்க் தினமும் ஒரு நடை வந்து டம்ளர்களை எண்ணிவிட்டுப் போவார். வேர் நறுக்கிய வெங்காயம் அழுகிப்போகும், குப்பையில் போடுவோம் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் முகம் மாறாது. ஒரு நாள் என் சாப்பாட்டுத் தூக்கை அவரே திறந்தார். உள்ளே என் வீட்டுக்காரி வைத்த வெங்காயக் குழம்பு. ஒரு வெங்காயத்தை விரலால் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேர் இல்லை பாரு. சர்க்கார் வெங்காயம்தான் இது."

மேச்சேரிக்காரர்

பண்ணை வேலிக்கு வெளியே ஆடு மேய்க்க வருகிறவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஒருவன் வரிசையாக டம்ளர் வைத்து, சின்னக் கத்திரியால் வேரை அறுத்து, சீசாவில் போட்டு மூடுகிறான். பிறகு அதை எடுத்து ரத்தம் மாதிரி ஒரு சாயத்தில் நனைக்கிறான். விளக்கில் காட்டுகிறான். கட்டை விரலால் நசுக்குகிறான். சுற்றுவட்டாரத்தில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. எதிரே வருகிற பெண்கள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் வந்து, தலைத் துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நல்ல கட்டான ஆள். வயதில் என்னைவிடப் பெரியவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண் முழுக்க அந்தச் சிவப்புச் சீசா மேலேயே இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எம்பட ஆடு நாலஞ்சு செத்துப்போச்சுங்க சாமி. நீங்க வெச்ச செய்வினைன்னா எடுத்துப்போடுங்க. நீங்க வெக்கலீன்னா, வெச்சவனைப் பாத்து ஒண்ணு வெச்சுக் குடுங்க."

துண்டு கிடக்கிற தினுசு

எனக்கும் சந்தேகம் உண்டு. எல்லோரும் என்னைச் சந்தேகப்பட்டார்கள், நான் ஆராய்ச்சி ஐயாவைச் சந்தேகப்பட்டேன்.

பூதக்கண்ணாடியில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். தேன்கூடு மாதிரி அறை அறையாக இருந்தது. சில அறைகளுக்குள் சிவப்பாகப் புழுக்கள். குரோமோசோம் என்றார். செடி வளர்வது என்றால் ஒரு அறை இரண்டாகப் பிரிவது. பிரிவதற்கு முன்னால் ஒவ்வொரு புழுவும் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொண்டு, இரண்டும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விடாமல் ஒட்டியிருக்குமாம். அந்த இடம் கொஞ்சம் ஒடுங்கி இருக்கும். "இதுக்குப் புதுசாப் பேர் வெச்சிருக்கான், சென்ட்ரோமியர்னு. உனக்கு வாயில நுழையலைன்னா இடுப்புன்னு வெச்சுக்கோ" என்றார். அறையின் இரண்டு கோடியிலிருந்தும் நூல் வந்து அந்த இடுப்பைத்தான் பிடிக்குமாம். ஜோடியில் ஒன்றை இந்தப் பக்கத்து நூல், மற்றதை அந்தப் பக்கத்து நூல். எல்லாம் நட்ட நடுவில் வரிசை கட்டி நிற்கும். ஒட்டு விட்டதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் இரண்டு அறைக்கும் பங்கு குறையாமல் கிடைக்கிறது என்றார்.

நான் தறியில் பிறந்தவன். நூல் என்றால் எனக்குத் தெரியும். அங்கே நூலே தெரியவில்லை. போதாததற்கு, கண்ணாடிச் சில்லில் இருப்பது எல்லாமே செத்தது, நானே சாகடித்தது. "செத்துப்போனதைப் பாத்து, இது இழுக்குதுன்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் நனைத்து, நடுவில் இரண்டு விரலால் பிடித்து, சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டே போய்ப் பாதியில் விட்டார். பிடித்த இடம் முன்னால் முனையாக நிற்க, இரண்டு தலைப்பும் பின்னால் கிடந்தன. மறுபடி கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அத்தனை புழுவும் அப்படியே கிடந்தது, இடுப்பு முன்னால், கை கால் பின்னால்.

"நான் இழுத்ததை நீ பார்க்கவே வேண்டாம்டா செங்கோடா. துண்டு கிடக்கிற தினுசே எங்கே பிடிச்சு இழுத்தான்னு சொல்லிடும்" என்றார்.

எலும்பு முறிந்த வெங்காயம்

இடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமாம். அதற்குப் புழுவை உடைக்க வேண்டும். எக்ஸ்ரே வெளிச்சம் பட்டால் உடையும் என்று அவருடைய புத்தகத்தில் இருந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி ஏற்பாடு செய்தார். வேர் விட்ட வெங்காயங்களை டம்ளரோடு ஒரு கூடையில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு நான் ரயிலில் போனேன். வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டார், சொன்னேன்.  அவர் தன் பெட்டியைக் காலுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கையில் தொட்டில் கட்டியவர்களும் காலில் கட்டை கட்டியவர்களும் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நானும் கூடையும். என்னை முதலில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். சத்தம் கேட்டு வந்த கம்பவுண்டர் துணியை விலக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கூடையைப் பார்த்தார். பெஞ்சு முழுக்கக் கேட்கிறாற்போல் கேட்டார்: "ஏன்யா, இதுல எந்த வெங்காயத்துக்கு எலும்பு முறிஞ்சிருக்கு?"

நடுவில் கிடந்தது

ஊர் திரும்பி, வேரை நறுக்கி, நசுக்கிப் பார்த்தோம். ஆராய்ச்சி ஐயா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. புழுக்கள் எல்லாம் வழக்கம்போல இரண்டு கோடிக்கும் போய்விட்டன. உடைந்த துண்டு ஒன்று மட்டும் நட்ட நடுவில், வளையாமல் நெளியாமல், குச்சி மாதிரி கிடந்தது. இடுப்பில்லாத துண்டு. எந்த நூலும் அதைப் பிடிக்கவில்லை. அறை இரண்டாகப் பிரிந்ததும் அது எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சேராமல் வெளியே நின்று, கரைந்து காணாமல் போய்விடுமாம்.

ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹெட்கிளார்க்கைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்தத் துண்டுக்கு ஒரு குறையும் கிடையாது. மத்ததுகிட்டே இருக்கிற சரக்கெல்லாம் இதுகிட்டேயும் இருக்கு. பிடிச்சு இழுக்க ஒரு இடம் இல்லை, அவ்வளவுதான்" என்றார். ஹெட்கிளார்க் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ, எனக்குச் சந்தேகம்தான். நிமிர்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே ஐயாவிடம் சொன்னார்: "அப்ப டெம்பரரி ஆளு மாதிரின்னு சொல்லுங்க."

கை ஆடுகிறது

அந்தச் சமயத்தில்தான் மதுவிலக்கு வந்தது. சேலம் ஜில்லாவில்தான் முதன்முதலாக வந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார்கள். பெண்டுகள் கற்பூரம் கொளுத்தினார்கள். ஆண்கள் சிலர் வாசலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பண்ணையில் மட்டும் பெரிய பாட்டில் நிறைய சுத்தமான ஸ்பிரிட், பர்மிட்டோடு, அலமாரிக்குள் இருந்தது. ஒரு சாவி என் அரைஞாணில். இன்னொன்று ஹெட்கிளார்க்கின் மேஜை இழுப்பறையில். அவர் பாட்டிலில் ஒரு காகிதத்தை ஒட்டி மட்டத்துக்குக் கோடு போட்டார். நான் வேலைக்கு எடுக்கும்போதெல்லாம் கோட்டை அந்த அளவுக்கு இறக்கிப் போடுவார்; மட்டம் சரியாக இருக்கிறதா என்று சாயங்காலம் வந்து பார்ப்பார். எப்போதும் சரியாகவே இருந்தது.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. பாட்டில் கழுவுவதற்கு ஆள் போதவில்லை என்று ஹெட்கிளார்க் எழுதி வாங்கி, மச்சினன் ரத்தினத்தைத் தினக்கூலியாகக் கொண்டுவந்து விட்டார். மரியாதையான பையன் மாதிரிதான் தெரிந்தது. என்னை "அண்ணா, அண்ணா" என்பான். வாயில் எந்நேரமும் கிராம்பு. பல்வலி என்றான். நான் நம்பவில்லை, ஆனால் பல்வலி இல்லாதவனுக்குக் கிராம்பு எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

அவன் வந்த கொஞ்ச நாளில் என் வேலை கெட ஆரம்பித்தது. நறுக்குகிற நேரம் மாறவில்லை, சாயம் மாறவில்லை, விரல் மாறவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் புழுக்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, பிசைந்த களி மாதிரி இருந்தன. இடுப்பு எது, தலைப்பு எது என்று சொல்ல முடியவில்லை. ஆராய்ச்சி ஐயா முதலில் சாயத்தைத் திட்டினார். பிறகு வெயிலைத் திட்டினார். பிறகு ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் விரல்களையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "உன் கை ஆடுதுடா செங்கோடா. கடையெல்லாம் மூடினதுக்கப்புறம் ஏன் ஆடுது?"

நான் குடிக்கிறவன் இல்லை. அதை இவரிடமும் சொல்ல வேண்டி வந்தது.

சப் இன்ஸ்பெக்டர்

மதுவிலக்கு சப் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். பண்ணை அட்டெண்டர் சர்க்கார் ஸ்பிரிட்டைக் குடிக்கிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஹெட்கிளார்க் அவருக்கு நாற்காலி போட்ட வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை வாயை ஊதச் சொன்னார்கள். ஊதினேன். பிறகு பாட்டிலை வெளியே எடுத்தார்கள். மட்டம் கோட்டுக்குச் சரியாக இருந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், அவர் ஒரு சாசரில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியை வைத்தார். நீலமாகக் கொஞ்சம் எரிந்தது. தத்தளித்து அணைந்தது. சாசரில் பாதி அப்படியே இருந்தது. விரல் விட்டுப் பார்த்தார். தண்ணீர்.

"குடிச்சிட்டு, கோடு சரியா இருக்கட்டும்னு தண்ணி ஊத்தியிருக்கான். சாவி அவன் அரைஞாணிலதான் இருக்குதுங்க" என்றார் ஹெட்கிளார்க். போலீஸ்காரர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வேலை போவது ஒரு பக்கம். ஜெயிலுக்குப் போனால் வீட்டில் இருக்கிற ஒற்றைத் தறியை யார் ஓட்டுவது என்றுதான் எனக்கு ஓடியது.

சத்தம் கேட்டு ஆராய்ச்சி ஐயா வந்தார். சாசரைப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்து பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணியா! தண்ணி கலந்த ஸ்பிரிட்டிலா இத்தனை நாள் வேரைப் போட்டோம்? அதான் இடுப்பே தெரியலையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போலீஸ்காரரைப் பார்த்து, "கையை விடுங்கோ" என்றார். "செத்துப்போன வேரைப் பார்த்து எது இழுத்ததுன்னு சொல்றதுதான் என் தொழில். இதையும் அப்படியே பார்க்கறேன். தண்ணி ஊத்தினா வேர் காட்டிக்கொடுத்துடும்னு இந்த ஆபீசிலே ரெண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் இவனுக்கும். வேர் கெட்டுப்போனா என்கிட்டே திட்டு வாங்கறவனும் இவன்தான். இவன் குடிச்சிருந்தா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருக்க மாட்டான். மட்டம் இறங்கட்டும்னு விட்டுட்டு, சேலம் வெயில்லே ஆவியாப் போச்சுங்கன்னு சொல்லியிருப்பான். நானும் நம்பியிருப்பேன். கோடு சரியா இருக்கணும்னு கவலைப்பட்டது, கோட்டைத் தவிர வேறொண்ணும் தெரியாத ஆள்."

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு இன்னொரு சாவி எங்கே என்று கேட்டார். ஹெட்கிளார்க் இழுப்பறையைத் திறந்தார். சாவி இருந்தது. அதோடு நாலு கிராம்பும் இருந்தது. ரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். பின்பக்கக் குழாயடியில் பாதி கழுவிய டம்ளர்கள் மட்டும் இருந்தன, ஆளைக் காணோம். சப் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க ஹெட்கிளார்க், மச்சினன் பாட்டில் கழுவ வந்தாருன்னு சொன்னீங்க. எதை ஊத்திக் கழுவினாருங்க?"

பிரிவு உபசாரம்

யார் மேலும் கேஸ் எழுதவில்லை. ரத்தினத்துக்கு ஊரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாக ஹெட்கிளார்க் சொன்னார். ஸ்பிரிட் அலமாரிக்கு ஒரே சாவி என்று ஆனது; அதை ஐயாவே வைத்துக்கொண்டார். என்னிடம் தரவில்லை. என் பக்கம் அவ்வளவு நியாயம் பேசியவர், கை ஆடுகிறது என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. திருடுவதாக இருந்தால் எப்படித் திருடுவேன் என்றுகூட எனக்காக யோசித்து வைத்திருந்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்கிறது. என்னைப் பர்மனென்ட் செய்யச் சொல்லி அவர் எழுதிய சிபாரிசு ஹெட்கிளார்க்கின் மேஜையில் ஒரு கட்டுக்கு அடியில் கிடந்தது. ஐயா மாற்றலாகிப் போனார். யுத்தம் வந்தது. கட்டு அசையவில்லை. ஹெட்கிளார்க் ரிடையர் ஆகிற வருஷத்தில், மேஜையைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் அது வெளியே வந்து எனக்கு உத்தரவாகியது.

அவருடைய பிரிவு உபசாரத்துக்குக் கேசரியும் காப்பியும் வைத்தோம். குரூப் போட்டோ எடுத்தார்கள். பண்ணையே அவரை உத்தமர் என்றது. நானும் கை தட்டினேன், தட்டாவிட்டால் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்து குதிரை வண்டி வந்து நின்றபோது அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். தோளில் கை போட்டார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நானும் பெரிய மனசு பண்ணி, "அதெல்லாம் போனது போகட்டுமுங்க" என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னார்: "எல்லாம் முடிஞ்சுபோச்சு செங்கோடா. இனி யாரும் கேக்கப்போறதில்லை. இப்பவாச்சும் உண்மையைச் சொல்லு. ரத்தினமும் நீயும் சேந்துதானே குடிச்சீங்க?"

செத்த வெங்காயத்தில் எந்த நூல் எதைப் பிடித்து இழுத்தது என்று சந்தேகமில்லாமல் பார்த்த என் கண்ணுக்கு, உயிரோடு நடமாடிய அந்த ஆபீசில் மட்டும் கடைசி வரைக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.